1947 முடிவுகளை மாவட்டக் கூட்டுத்தொகையாக அல்ல, தொகுதி தொகுதியாகத் தாருங்கள்

தேர்தல்கள் ஆணைக்குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 1947ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23 தொடக்கம் செப்டெம்பர் 20 வரை நடந்த இலங்கையின் முதலாவது பாராளுமன்றத் தேர்தலைப் பற்றி எழுதுகிறேன். அப்போது நாடு இன்னும் பிரித்தானியக் குடியேற்ற நாடு. தேசாதிபதியின் கீழ் நடந்த அந்தத் தேர்தலில் வென்று வந்தவர்கள்தான் 1948 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர நாட்டின் பிரதிநிதிகள் ஆனார்கள். சுதந்திரத்துக்கென்று தனியாக ஒரு தேர்தல் நடக்கவில்லை.

குறை சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. பிற்காலத்துத் தேர்தல் திணைக்களம் 1947இல் உருவாகியிருக்கவில்லை, அது 1955இல் வந்தது. ஆணைக்குழு வந்தது அதற்கும் அறுபது வருடம் கழித்து. ஆகவே அந்தத் தேர்தலின் கணக்குக்கு உங்களைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் அந்த ஏடுகளுக்கு இன்றைய வாரிசு நீங்கள்தான். அவற்றைச் சரியான வடிவில், மூன்று மொழியிலும், ஒரே இடத்தில் வெளியிடும் அதிகாரமும் உங்களிடம்தான் இருக்கிறது. நான் கேட்பது அதைத்தான்.

ஏன் இப்போது கேட்கிறேன் என்றால், 1947 முடிவுகள் என்று கைமாறி வரும் அட்டவணைகளில் கணிசமானவை மாவட்டவாரியானவை. பிற்காலத்தில் யாரோ வசதிக்காகத் தொகுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாண மாவட்டம், தமிழ்க் காங்கிரஸ் இத்தனை வாக்கு, இத்தனை வீதம், ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) இத்தனை வாக்கு, இத்தனை வீதம் என்று போகும். பார்த்தால் 1989க்குப் பிந்திய விகிதாசாரத் தேர்தல் ஒன்றின் முடிவு போலவே இருக்கும். மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு, 1947இலும் மாவட்டத்துக்கு இத்தனை ஆசனம் என்று வீதப்படி பங்கிட்டுக் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் கோபித்துப் பயனில்லை, அட்டவணை அப்படித்தான் சொல்கிறது.

அன்று மாவட்டம் ஒரு தேர்தல் அலகே அல்ல. மாகாணத்துக்கு இத்தனை ஆசனம் என்று கணக்கிட்டு, மாகாணத்துக்குள் தொகுதிகளைப் பிரித்தார்கள். பிரித்தானியா அனுப்பிய சோல்பரி குழுவின் பெயரால் வழங்கும் அன்றைய அரசியலமைப்பின் கணக்கு இதுதான்: 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு 1,000 சதுர மைல் பரப்புக்கு இன்னோர் ஆசனம். மக்கள்தொகைக்காக 70, பரப்புக்காக 25, மொத்தம் 95. அந்த 25 ஆசனங்கள் சும்மா வந்தவை அல்ல. தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார், அதாவது சிங்களவருக்குப் பாதி, சிறுபான்மையினர் எல்லோருக்குமாகப் பாதி. கிடைக்கவில்லை. சிறுபான்மையினர் செறிந்து வாழும், ஆனால் சனம் குறைந்த பகுதிகளுக்குச் சற்றுக் கூடுதல் இடம் கிடைக்கட்டும் என்று சோல்பரி குழு ஏற்றுக்கொண்ட வழி இந்தப் பரப்புக் கணக்கு. வட மாகாணத்துக்கு 9, கிழக்குக்கு 7 ஆசனங்கள் வந்தன. மாவட்ட வீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பேரம் நடந்த தடயமே தெரியாது.

அடுத்து எல்லைகள். இன்றைய 22 தேர்தல் மாவட்டங்களை எடுத்து 1947க்கு மேல் போர்த்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் உருவானது. 1947இல் கல்முனையும் பொத்துவிலும் மட்டக்களப்பு மாவட்டத்துத் தொகுதிகள். அவற்றை, அம்பாறையின் இன்றைய தேர்தல் மாவட்டப் பெயரான திகாமடுல்ல என்ற தலைப்பின் கீழ் போடுவது எந்த வகையில் நியாயம்? வன்னித் தேர்தல் மாவட்டம் என்ற பேச்சே அன்று இல்லை. மன்னார் ஒரு தொகுதி, வவுனியா ஒரு தொகுதி, முல்லைத்தீவுக்கு 1977இல்தான் தனித் தொகுதி கிடைத்தது. யாழ்ப்பாணத்திலும் நல்லூர், உடுவில், உடுப்பிட்டி, கிளிநொச்சி ஆகிய பெயர்கள் 1960 மார்ச் தேர்தலில்தான் முதன்முதல் வருகின்றன. இன்று நல்லூரில் வாக்குப் போடுகிற ஒருவர், தன் பாட்டனார் 1947இல் எந்தத் தொகுதியில் வாக்குப் போட்டார் என்று தேடினால் அந்தப் பெயரே அங்கே இருக்காது. ஒரு குறிப்பு, ஒரு வரைபடம், அவ்வளவு போதும் அவருக்கு. கூட்டுத்தொகை அதைத் தராது.

யாழ்ப்பாணத்தையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், எனக்கு நெருக்கமான இடம் என்பதால் மட்டுமல்ல. தொகுதி வரி எவ்வளவு பேசும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மொத்தம் ஏழு தொகுதிகள். ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, யாழ்ப்பாணம், கோப்பாய், பருத்தித்துறை, சாவகச்சேரி. இவற்றில் ஆறைத் தமிழ்க் காங்கிரஸ் எடுத்தது. வட்டுக்கோட்டையில் கே. கனகரத்தினம், காங்கேசன்துறையில் எஸ்.ஜே.வி. செல்வநாயகம், கோப்பாயில் கு. வன்னியசிங்கம், பருத்தித்துறையில் தா. இராமலிங்கம், சாவகச்சேரியில் வே. குமாரசுவாமி, யாழ்ப்பாணத்தில் ஜி.ஜி. பொன்னம்பலமே. ஊர்காவற்றுறை மட்டும் விலகி நின்றது. அங்கே ஏ.எல். தம்பியையா சுயேச்சையாக வென்றார். தீவுப்பகுதி ஏன் தனி வழி போனது என்பதை யாராவது ஒருநாள் ஆராயலாம், ஆனால் அதற்கு அந்த வரி தனியாக இருக்க வேண்டும். மாவட்டக் கூட்டுத்தொகையில் தம்பியையா 'ஏனையோர்' என்ற கடைசிக் கட்டத்துக்குள் போய்விடுவார்.

யாழ்ப்பாணத் தொகுதியின் போட்டி வேறு கதை. ஜி.ஜி. அதற்கு முன்னர், பாராளுமன்றத்துக்கு முந்திய சபையான அரசாங்க சபையில் பருத்தித்துறையின் உறுப்பினர். அந்தத் தொகுதியிலேயே நின்றிருக்கலாம். ஆனால் அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து சர் அருணாசலம் மகாதேவாவை எதிர்த்து நின்றார். மகாதேவா சாதாரண ஆள் இல்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன், அரசாங்க சபைக் காலத்தின் உள்நாட்டு அமைச்சர், பின்னர் முதல் பிரதமரான டி.எஸ். சேனநாயக்காவுக்கு நம்பிக்கையானவர். 1936இல் தனிச் சிங்கள அமைச்சரவை அமைந்து தமிழர் கொதித்த பிறகு, அமைச்சர் சபைக்குள் போன தமிழர். 1945 நவம்பரில் சோல்பரி திட்டத்தை ஏற்கும் பிரேரணை அரசாங்க சபையில் 51க்கு 3 என்று நிறைவேறியபோது மகாதேவா ஆதரித்தார். ஜி.ஜி. அப்போது லண்டனில் இருந்தார். ஆக 1947இல் யாழ்ப்பாண நகர வாக்காளரின் முன் இருந்த கேள்வி, நல்ல வழக்கறிஞர் யார் என்பதோ பரம்பரை எது என்பதோ இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கையை உயர்த்தியது சரியா என்பதுதான்.

பதில் இப்படி வந்தது: பொன்னம்பலம் 14,324, மகாதேவா 5,224.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நகரத்தின் மனநிலை தெரிகிறது. அதையே ஏழு தொகுதிகளோடு கூட்டி வீதமாக்கினால் ஒன்றும் தெரியாது. இன்னொன்றும் உண்டு. நாடு முழுவதிலும் தமிழ்க் காங்கிரஸ் பெற்றது 82,499 வாக்குகள், 4.37 வீதம். ஆசனம் 7, ஏழாவது திருகோணமலையில் எஸ். சிவபாலன். இதையும் தேசிய வீதமாக மட்டும் சொன்னால் ஏதோ சின்னக் கட்சி ஒன்று ஓரமாக நின்றது போல இருக்கிறது. ஏழே ஏழு தொகுதி கொண்ட யாழ்ப்பாணத்தில் ஆறை எடுத்த கட்சி அது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 1948 செப்டெம்பரில் ஜி.ஜி. சேனநாயக்காவின் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சரானார். செல்வநாயகமும் வன்னியசிங்கமும் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்தார்கள். 1949 டிசம்பர் 18இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1952இல் அதே காங்கேசன்துறையில் செல்வநாயகம் ஐ.தே.க.வின் எஸ். நடேசனிடம் தோற்றார், கோப்பாயில் வன்னியசிங்கம் தப்பினார். யாழ்ப்பாண மக்கள் 1952இல் என்ன நினைத்தார்கள் என்று கேட்பவருக்கு, காங்கேசன்துறையின் 1947 வரியும் 1952 வரியும் அருகருகே தேவை. கோப்பாயின் இரண்டு வரிகளும் தேவை. மாவட்டக் கணக்கில் இந்த இரண்டு தொகுதிகளும் இரண்டு திசையில் போனது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும்.

சரி, இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். சர்வசன வாக்குரிமையோடு நடந்த முதல் தேர்தல் 1931இல். அப்போது யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பு அழைப்பால் வடக்கின் நான்கு தொகுதிகளில் வேட்புமனுவே தாக்கலாகவில்லை. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை நான்கும் 1934 இடைத்தேர்தல் வரை காலியாகக் கிடந்தன. மன்னார்-முல்லைத்தீவு மட்டும் ஓர் உறுப்பினரை அனுப்பியது. 1931 அட்டவணையையும் வெளியிடும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து அந்த நான்கு வரிகளையும் போடுங்கள், வெறுமையாகவே போடுங்கள். வேட்பாளர் இல்லை என்பதும் ஒரு முடிவுதான். 1947இல் வாக்குச்சாவடிக்குப் போன யாழ்ப்பாணத்தாரில் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த வெறுமை நன்றாக நினைவிருந்திருக்கும்.

வன்னியில் இரண்டு வரி. மன்னாரில் சி. சிற்றம்பலம், வவுனியாவில் சி. சுந்தரலிங்கம், இருவரும் சுயேச்சைகள். இரண்டு பேரும் வென்ற கையோடு சேனநாயக்காவின் அமைச்சரவைக்குள் போனார்கள், ஒருவர் தபால் தொலைத்தொடர்புக்கு, மற்றவர் வர்த்தகத்துக்கு. யாழ்ப்பாணம் சோல்பரிக்கு எதிராக வாக்களித்த அதே மாதத்தில் வன்னி வேறு விதமாக வாக்களித்தது என்று இதைப் படிக்கலாமா, அல்லது மக்கள் ஆளைப் பார்த்துத்தான் போட்டார்கள், அமைச்சுப் பதவி பிறகு வந்த கதையா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. சுந்தரலிங்கம் 1948 முடிவதற்குள் அமைச்சுப் பதவியை விட்டு வெளியேறினார், இந்திய வம்சாவளியினரின் பிரஜாவுரிமை பற்றிய இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமூலத்தின் காரணமாக. எப்படியோ, 'வன்னி மாவட்டம், சுயேச்சை' என்று ஒரே வரியாகச் சுருக்கினால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

கிழக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் சிவபாலன், மூதூரில் அபூபக்கர், கல்குடாவில் வே. நல்லையா, மட்டக்களப்பில் சின்னலெப்பை, பட்டிருப்பில் எதிர்மன்னசிங்கம், கல்முனையில் காரியப்பர், பொத்துவிலில் இப்ராகிம். ஏழு பேரில் நான்கு முஸ்லிம்கள், மூன்று தமிழர். தமிழ்க் காங்கிரஸுக்கு இங்கே ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. 'வடகிழக்குத் தமிழர் 1947இல் ஒரே குரலில் பேசினர்' என்று மேடையில் முழங்குபவர்களுக்கு இந்த ஏழு வரிகளையும் அச்சடித்துக் கொடுக்கலாம்.

இனிக் கணக்கு வழக்குக்கு வருவோம். பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் சுமார் 30 லட்சத்து 48 ஆயிரம். வாக்களித்தவர்கள் 17 லட்சம், அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 56 பேர். ஆனால் கட்சிவாரியாக வாக்குகளைக் கூட்டிப் பாருங்கள், 18 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டும். வாக்களித்தவர்களைவிட வாக்குகள் கூட! கள்ள வாக்கு என்று நினைக்க வேண்டாம். அன்று 95 ஆசனங்களுக்கு 89 தொகுதிகள்தான். அம்பலாங்கொடை-பலப்பிட்டி, பலாங்கொடை, பதுளை, கடுகண்ணாவை ஆகிய நான்கும் இரட்டை அங்கத்தவர் தொகுதிகள், கொழும்பு மத்தி மூன்று அங்கத்தவர் தொகுதி. கொழும்பு மத்தி வாக்காளருக்கு மூன்று வாக்கு. மூன்றையும் ஒருவருக்கே கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம். ஒரு தொழிற்கட்சிக்காரர், ஓர் ஐ.தே.க. முஸ்லிம் தலைவர், ஒரு கம்யூனிஸ்ட் என்று குணசிங்க, ஜாயா, கெனமன் மூவரும் ஒரே தொகுதியிலிருந்து போனது அப்படித்தான். இந்த ஐந்து தொகுதிகளையும் தனியாகக் குறிக்காமல் மாவட்ட வீதம் போடுகிற அட்டவணை கணக்கிலேயே பிழையானது. கொழும்பு மாவட்டத்துக்கும் பதுளை மாவட்டத்துக்கும் வாக்களிப்பு வீதம் என்று போட்டிருப்பதை நம்பவே கூடாது.

கட்சி என்ற நிரலையும் ஒருமுறை யோசியுங்கள். 1947இல் சின்னம் வேட்பாளருக்குக் கொடுக்கப்பட்டது, கட்சிக்கு அல்ல. ஒரே கட்சிக்காரர் இருவர் பக்கத்துத் தொகுதிகளில் வெவ்வேறு சின்னத்தில் நிற்பார்கள். வாக்களிப்புத் தொடங்கியபோது ஐ.தே.க. பிறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கட்சிக்காரரா சுயேச்சையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஆட்கள் அன்று தாராளம். இதனால்தான் மலையகத் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஆசனங்கள் சில பட்டியல்களில் 6, சிலவற்றில் 7. ஆறு என்றால் சுயேச்சைகள் 21, ஏழு என்றால் 20. ஒரே ஒரு மனிதர் இந்தக் கட்டத்திலா அந்தக் கட்டத்திலா என்ற விஷயம்தான், ஆனால் எழுபது வருடத்துக்கு மேலாகத் தீரவில்லை. ஆணைக்குழு இதைத் தீர்த்துத்தான் ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்சிப் பெயர் எந்த ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு வரி போட்டால் வாசிப்பவர் தானே தீர்மானித்துக்கொள்வார்.

சுயேச்சை என்ற கட்டத்தைச் சிறுமையாக நினைக்கவும் கூடாது. ஐ.தே.க.வுக்குக் கிடைத்தது 42. 95இல் அது பாதியும் இல்லை. எதிரணியினர் ஸ்ரீ நிஸ்ஸங்கவின் 'யமுனா' இல்லத்தில் கூடி மாற்று அரசாங்கம் அமைக்கலாமா என்று பேசினார்கள், கைகூடவில்லை. சேனநாயக்கா சுயேச்சைகளையும் ஆறு நியமன உறுப்பினரையும் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைத்தார். அந்த ஆறு பேரையும் சேர்த்துத்தான் சபை 101. இதையும் குறிப்பிடாமல் விட்டால், 95 என்கிற புத்தகமும் 101 என்கிற புத்தகமும் ஒன்றையொன்று பொய்யாக்கிக்கொண்டே இருக்கும்.

இப்போது மலையகம். உண்மையில் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

1947இல் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், பதுளை இரட்டைத் தொகுதியில் எஸ்.எம். சுப்பையா, அலுத்நுவரவில் டி. இராமானுஜம். தோட்டத் தொழிலாளர் தங்கள் வாக்கால் அனுப்பிய பிரதிநிதிகள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் பெற்ற வாக்குகள் 72,230. தமிழ்க் காங்கிரஸின் மொத்த வாக்கிலிருந்து இது அதிகம் விலகவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த முதல் பாராளுமன்றத்தில் மலையகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் கிட்டத்தட்டச் சம எண்ணிக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். போதாததற்கு, மலையக வாக்குகள் வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தன என்பது அரசாங்கத்தை உறுத்திய விஷயம்.

ஒரு வருடத்துக்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். அதே ஆண்டில் 48ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றது. மலையகத் தமிழர் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் பிரஜாவுரிமை இல்லாமல் நின்றார்கள். 1952இல் அந்தத் தொகுதிகள் எல்லாம் அப்படியே இருந்தன. நுவரெலியா இருந்தது, தலவாக்கலை இருந்தது, மஸ்கெலியா இருந்தது. வாக்காளர்தான் இல்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ்காரர் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை, சத்தியாக்கிரகம்தான் நடந்தது. தொண்டமான் மறுபடி சபைக்குள் போனது 1960இல், அதுவும் நியமன உறுப்பினராக.

இதை மாவட்டவாரி அட்டவணையில் எப்படிக் காண்பீர்கள்? நுவரெலியா மாவட்டம், 1947: இலங்கை இந்தியக் காங்கிரஸ் இத்தனை வீதம். நுவரெலியா மாவட்டம், 1952: அந்தக் கட்சியைக் காணோம். சாதாரணமாகப் பார்க்கிற எவரும் கட்சி செல்வாக்கிழந்தது, மக்கள் மாறிவிட்டார்கள் என்றுதான் எடுப்பார். தேர்தல் முடிவுகளை வரிசையாக அடுக்கி ஒரு வரைபு போட்டால் அது அழகாக இறங்கிக்கொண்டே வந்து பூச்சியத்தில் நிற்கும். அப்படி ஒரு வரைபைக் காட்டி 'வாக்குச் சரிவு' என்று விளக்கம் சொல்வது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிகிறது. சரிந்தது வாக்காளர் இடாப்பு.

தொகுதிவாரி முடிவில் இந்த ஏமாற்றம் நடக்காது, ஒரே நிபந்தனையில்: பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகை என்ற நிரல் கட்டாயம் இருக்க வேண்டும். தலவாக்கலையின் 1947 இடாப்புத் தொகையும் 1952 இடாப்புத் தொகையும் ஒரே பக்கத்தில் வரட்டும். அதற்குக் கீழே சட்டங்களின் இலக்கமும் ஆண்டும் மட்டும் போடுங்கள். விமர்சனம் எழுதச் சொல்லவில்லை, அரசாங்க வெளியீட்டில் அதை எதிர்பார்க்கவும் கூடாது. எண்களே போதும்.

ஆகவே கேட்பது என்னவென்றால், 89 தொகுதிகளுக்கும் வேட்பாளர் பெயர், சின்னம், பெற்ற வாக்கு, நிராகரிக்கப்பட்ட வாக்கு, இடாப்புத் தொகை, வாக்கெடுப்பு நடந்த திகதி. திகதியை ஏன் கேட்கிறேன் என்றால், அன்று நாடு முழுவதும் ஒரே நாளில் வாக்களிக்கவில்லை. ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் வெவ்வேறு நாட்களில் தொகுதிகள் வாக்களித்தன. முந்திய நாட்களின் முடிவு தெரிந்த பிறகு வாக்களித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஒரே நாள் தேர்தல் என்பது 1960 மார்ச்சில் வந்த வழக்கம். எந்தத் தொகுதி முதல், எந்தத் தொகுதி கடைசி என்பது தெரியாமல் 1947ஐப் பேசுவது அரைகுறைப் பேச்சு.

பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஒரு வேண்டுகோள். ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்க்காமல், அன்றைய தமிழ்ப் பத்திரிகைகளைப் பார்த்து எழுதுங்கள். வீரகேசரி, தினகரன், ஈழகேசரி மூன்றும் அந்தத் தேர்தலின்போது வெளிவந்துகொண்டிருந்தன. அந்தந்த ஆட்கள் தங்கள் பெயரை எப்படி எழுதினார்கள் என்று அவற்றில் பார்க்கலாம். தேசிய சுவடிகள் காப்பகத்தில் பழைய பத்திரிகைகள் பாதுகாக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே சரிபார்க்கலாமே என்று யாராவது கேட்டால், 1981இல் எரிந்த பொதுநூலகத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போனதாகச் சொல்லப்படும் இடத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளை எங்கே தேடுவது. வடக்கிலிருந்து இந்தக் கோரிக்கை கொழும்புக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது எதற்கு என்று ஆணைக்குழுவிலேயே சிலர் நினைக்கலாம். மாகாண சபைத் தேர்தல் வருடக்கணக்காக ஏன் நின்றது? 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தொகுதி முறையைக் கலந்தது, எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது, அதோடு சிக்கிக்கொண்டது. தொகுதியா விகிதாசாரமா, சிறுபான்மையினருக்கு எது பாதுகாப்பு, பல அங்கத்தவர் தொகுதி வேண்டுமா, பரப்புக்கு இடம் கொடுக்கலாமா என்று இன்று கேட்கப்படும் கேள்விகள் அத்தனையும் 1947க்கு முன்னரே கேட்கப்பட்டவை. அன்று ஒரு விடை கொடுத்துப் பார்த்தார்கள். அந்த விடை எப்படி வேலை செய்தது என்பதற்கான ஒரே சாட்சி அந்த 89 வரிகள். விவாதத்துக்கு வருகிறவர்களின் கையில் அது இருக்க வேண்டாமா?

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்வது கஷ்டம் என்றால் வடக்கின் 9, கிழக்கின் 7, மத்திய, ஊவா மாகாணத் தொகுதிகள், பல அங்கத்தவர் தொகுதிகள் ஐந்து, இவற்றோடு தொடங்குங்கள். மூல ஆவணத்தின் பிரதியையும் பக்கத்தில் போடுங்கள், பிழை இருந்தால் நாங்களே கண்டுபிடித்து எழுதுவோம். 1947இல் முதல் வாக்கைப் போட்டவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் நூறைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே இந்த வேலையை அடுத்த வருட ஒதுக்கீட்டுக்குத் தள்ளிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
வடமராட்சி வாக்காளர் ஒருவர்